பள்ளிக்கூடத்துக்கு வந்த பரிசோதனைக் குச்சி

(ஊராட்சி அளவிலான குழுக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டு, டீயும் குடித்துவிட்டீர்கள். இதற்குப் பிறகு பேச வருகிறவள் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் ஒரு அரை மணி நேரம் உட்காருங்க. இன்றைக்குப் பேசப் போவது நம்ம பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம்.

2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்று ஒரு வைரஸ் பெயர் டி.வி.யில் ஓடியது ஞாபகம் இருக்கும். சென்னையிலும் சேலத்திலும் ஆளுக்கு ஒருவருக்கு இருக்கிறது என்று செய்தி வந்தது. அது ஒன்றும் புதிய கிருமி இல்லை, 2001-லேயே கண்டுபிடித்த கிருமிதான், சளி காய்ச்சல் மாதிரி வந்து போவது என்று அப்போதே அரசாங்கம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் நான் போன ஊரெல்லாம் அம்மாமார்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மறுபடியும் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மூக்குல குச்சி விடுவாங்களா?"

நோய் வருமா என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தை மூடுவார்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். மீதிப் பேருக்கெல்லாம் குச்சியைப் பற்றித்தான் பயம். கொரோனா முடிந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் நோயைவிடப் பரிசோதனைக்குப் பயம் அதிகமாக இருக்கிறது என்றால், அதை நாம் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். இன்னொரு தொற்றுநோய் எப்போதாவது வரும். அப்போது முதலில் பரிசோதனை நடக்கிற இடங்களில் பள்ளிக்கூடமும் ஒன்றாக இருக்கும்.

முதலில் என்ன நடந்தது என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். அந்த வருஷம் நவம்பர் 16-ல் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை திறக்கலாம் என்று அறிவித்து, பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்தும் கேட்டு, பிறகு தள்ளி வைத்தார்கள். 2021 ஜனவரி 19-ல்தான் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் திறந்தார்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதம் கொடுத்தால்தான் பிள்ளை உள்ளே போகலாம். விட்டமின் மாத்திரை, ஜிங்க் மாத்திரை கொடுத்தார்கள். பிப்ரவரி 8-ல் ஒன்பதும் பதினொன்றும் வந்தார்கள். மார்ச் 22-ல் ஒன்பது, பத்து, பதினொன்று மறுபடி நின்றுபோனது. அப்புறம் இரண்டாவது அலை. அந்த ஏப்ரல், மே மாதங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களிலேயே வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறீர்கள். 2021 செப்டம்பர் 1-ல் பெரிய வகுப்புகள் திறந்தன. நவம்பர் 1-ல்தான் ஒன்று முதல் எட்டு வரை. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்து மறுபடி மூடி, பிப்ரவரி 1-ல் திறந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை மறுபடி பள்ளிக்கூட வாசலை மிதித்தபோது மூன்றாம் வகுப்பு. நடுவில் இரண்டாம் வகுப்பு என்று ஒன்றை அது பார்க்கவே இல்லை. இது சின்னப் பிள்ளைகள் கதை. பெரிய பிள்ளைகள் கதை உங்களுக்கே தெரியும். எத்தனை பையன்கள் செங்கல் சூளைக்கும் மில்லுக்கும் போனார்கள், எத்தனை பெண் பிள்ளைகளுக்கு "செலவு கம்மி, கூட்டமும் சேர்க்க வேண்டாம்" என்று அவசர அவசரமாகத் தாலி ஏறியது என்று நம்ம வட்டாரத்திலேயே விரல் விட்டு எண்ணலாம். பள்ளிக்கூடம் மூடியிருந்ததற்கு நாம் கொடுத்த விலை அது. அதனால்தான் நான் பரிசோதனை பக்கம் நின்று பேசுகிறேன்.

தஞ்சாவூர் மாவட்டம் அம்மாப்பேட்டையில் 2021 மார்ச்சில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்க. ஒரு பெண்கள் பள்ளியில் ஒரு மாணவிக்கு கொரோனா உறுதியானது. கூடப் படித்த பிள்ளைகளுக்கு எல்லாம் சளி மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்கு இருந்தது. அதைக் கேட்டு ஜனங்கள் என்ன சொன்னார்கள்? "பள்ளிக்கூடத்தைத் திறந்தாங்க, பாருங்க, வந்துடுச்சு" என்றார்கள். அதையே கொஞ்சம் மாற்றி யோசிங்க. அந்த முதல் பிள்ளையோடு நிறுத்தியிருந்தால், மீதி ஐம்பது பிள்ளைகளும் வழக்கம் போல பஸ் ஏறி வீட்டுக்குப் போய், பாட்டி பக்கத்தில் படுத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு இந்த நோய் பெரும்பாலும் லேசாக வந்து போனது. பல பிள்ளைகளுக்கு ஜுரமே இல்லை. அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்ட பெரியவர்களுக்குத்தான், அதிலும் சர்க்கரை இருக்கிறவர்களுக்கும் வயசானவர்களுக்கும்தான், மூச்சு முட்டியது. பிள்ளைக்குச் செய்த பரிசோதனை பாதி அந்தப் பாட்டிக்காகத்தான்.

சரி, அந்தக் குச்சி என்ன செய்கிறது? இதை யாரும் நமக்கு நிதானமாகச் சொல்லவே இல்லை. கவச உடை போட்ட ஆள் வந்தார், "அண்ணாந்து பாரு" என்றார், மூக்கில் விட்டுச் சுற்றினார், போய்விட்டார். அதனால்தான் மூளையைத் தொடுகிறது, கிருமியையே உள்ளே வைத்துவிடுகிறார்கள் என்றெல்லாம் கதை கிளம்பியது. மூக்குக்குள் போகிற அந்தக் குச்சி மூக்கும் தொண்டையும் சேருகிற இடம் வரைக்கும்தான் போகும். கண்ணில் தண்ணீர் வரும், தும்மல் வரும், அவ்வளவுதான். மூளைக்கும் அதற்கும் நடுவே எலும்பு இருக்கிறது.

அந்தக் குச்சியை ஒரு சின்னக் குப்பியில் இருக்கும் திரவத்தில் போட்டு, உடைத்து, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே செய்வதுதான் ஆர்.டி.பி.சி.ஆர். பெயர் நீளமே தவிர விஷயம் லேசானது. வைரஸுக்குள் ஆர்.என்.ஏ. என்று நூல் மாதிரி ஒன்று இருக்கிறது. அந்த வைரஸுக்கு மட்டுமே உரிய அடையாளம் அதில் இருக்கும். அதில் ஒரு துண்டைப் பிடித்து மிஷின் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். முப்பது சுற்று போனால் ஒன்று நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். கந்து வட்டிகூட இந்த வேகத்தில் ஏறாது. அப்படிப் பெருக்கின பிறகு கண்டுபிடிப்பது சுலபம். கிருமி அதிகமாக இருந்தால் குறைந்த சுற்றிலேயே தெரியும், கொஞ்சமாக இருந்தால் அதிக சுற்று ஆகும். 35 சுற்றுக்குள் தெரிந்தால் பாசிட்டிவ் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வைத்த கணக்கு.

இன்னொன்று, கையோடு முடிவு சொல்கிற அட்டைப் பரிசோதனை. கர்ப்பம் பார்க்கிற அட்டையில் கோடு விழுமே, அதே மாதிரிதான். பதினைந்து நிமிஷத்திலிருந்து அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் இதில் பெருக்கும் வேலை கிடையாது. கிருமி நிறைய இருந்தால் காட்டும், கம்மியாக இருந்தால் கோட்டை விட்டுவிடும். அதனால் ஜுரம், இருமல் இருந்தும் அட்டையில் 'இல்லை' என்று வந்தால், ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நம்ம தமிழ்நாட்டில் அட்டையை அதிகம் நம்பாமல் பெரும்பாலும் ஆர்.டி.பி.சி.ஆர்.தான் செய்தார்கள். முடிவு வர ஒரு நாள், இரண்டு நாள், கூட்டமான நேரத்தில் அதற்கு மேலும் ஆனது. அந்த இரண்டு நாளும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது என்பது வேறு விஷயம்.

ஒரு ஆஸ்பத்திரி வார்த்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாசிட்டிவ் என்றால் நல்லது, நெகட்டிவ் என்றால் கெட்டது என்றுதான் நாம் பயிற்சியில் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பரிசோதனைச் சீட்டில் அது தலைகீழ். பாசிட்டிவ் என்றால் 'தேடினது இருக்கிறது', நெகட்டிவ் என்றால் 'தேடினது அகப்படவில்லை'. அவ்வளவுதான் அர்த்தம். இதைப் புரிந்துகொள்ளாமல் பாசிட்டிவ் சீட்டைக் காட்டி, "எம்பிள்ளைக்கு நல்லபடியா இருக்குன்னு வந்திருக்கு" என்று சந்தோஷப்பட்ட ஒரு அப்பாவை நானே பார்த்திருக்கிறேன்.

நெகட்டிவ் என்று வந்தால் அது அன்றைய தேதிக்கு மட்டும்தான். நேற்றுப் போட்ட கத்தரி விதையை இன்றைக்குத் தோண்டிப் பார்த்தால் முளை தெரியுமா? பக்கத்து பெஞ்சு பிள்ளைக்கு நோய் என்று தெரிந்த அன்றைக்கே நம்ம பிள்ளைக்கு எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். அறிகுறி இல்லாதவர்களுக்குப் பழகின நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் ஒரு தடவை எடுங்கள் என்று 2020-ல் வழிகாட்டுதல் கொடுத்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டதால், முதல் நாளே எடுத்து, நெகட்டிவ் என்று தெரிந்ததும் பிள்ளையைச் சித்தி வீட்டுக் காதுகுத்துக்குக் கூட்டிப் போனவர்கள் உண்டு.

வெளிநாட்டில் பள்ளிக்கூடத்தில் எப்படிச் செய்தார்கள் என்று ஒன்று சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். ஜெர்மனியில் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா என்று ஒரு மாநிலம். 2021 மே மாதம் அங்கே தொடக்கப் பள்ளிகளில் 'லாலி டெஸ்ட்' கொண்டு வந்தார்கள். லாலி என்றால் நம்ம குச்சி மிட்டாய். வாரத்துக்கு இரண்டு நாள் காலையில் ஆளுக்கு ஒரு குச்சி. மூக்கில் விடுவது கிடையாது. வாயில் வைத்து அரை நிமிஷம் சப்ப வேண்டியதுதான். ஒரு வகுப்புப் பிள்ளைகள் சப்பின குச்சி எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போட்டு, ஒரே பரிசோதனையாகச் செய்தார்கள். அதில் இல்லை என்று வந்தால் அந்த வகுப்பில் ஒருவருக்கும் இல்லை என்று எடுத்துக்கொண்டு, எல்லாப் பிள்ளையும் வழக்கம் போல வரும். இருக்கிறது என்று வந்தால்தான் தனித்தனியாக எடுத்து யாருக்கு என்று பார்ப்பார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். இது இருபத்தைந்து பானையிலிருந்தும் ஒவ்வொரு பருக்கை எடுத்து ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற மாதிரி. புது யோசனையும் இல்லை. 1943-ல் ராபர்ட் டார்ஃப்மன் என்பவர், பட்டாளத்தில் சேர வருகிறவர்கள் ரத்தத்தில் மேக நோய் இருக்கிறதா என்று சிக்கனமாகப் பார்க்க எழுதி வைத்த வழி. நம்ம நாட்டிலும் 2020 ஏப்ரலிலேயே ஐந்து பேர் மாதிரியைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் 2021 மார்ச் 8-ல் பள்ளிகளைத் திறந்தபோது, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு தடவை அட்டைப் பரிசோதனை. கொஞ்ச நாளில் பிள்ளைகளே வீட்டில் செய்துகொண்டார்கள். அங்கே இன்னொரு சோதனையும் நடத்தினார்கள். சுமார் இருநூறு பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் நோய் வந்த பிள்ளையோடு பழகினவர்களைப் பத்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மீதிப் பள்ளிகளில் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, தினமும் அட்டையில் பார்த்து, இல்லை என்றால் வகுப்பில் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் நோய் பரவியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பத்து நாள் படிப்பு மட்டும் ஒரு பக்கத்துக்கு மிச்சம்.

அங்கே வசதி இருக்கிறது, பணம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் இதைச் சொல்வது வசதிக்காக இல்லை. அங்கே பரிசோதனை என்றால் 'பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் வரலாம்' என்று சொல்கிற சீட்டு. நம்ம ஊரில் அது 'உன் வீட்டை அடைக்கப் போகிறோம்' என்று சொல்கிற சீட்டாக ஆகிவிட்டது. குச்சி ஒன்றுதான். பின்னால் வந்தது வேறு.

2021 செப்டம்பரில் பள்ளி திறந்த சமயம். நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு ராத்திரி முழுக்க ஜுரம். அம்மா காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார். பள்ளி வாசலில் நெற்றிக்கு நேராகக் காட்டுகிற தெர்மாமீட்டரில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் இப்படியே போய், மூன்றாம் நாள் பிள்ளை வகுப்பில் மயங்கிவிட்டது. ஊரே அந்த அம்மாவைத் திட்டியது. "படிக்காதவ, விவரம் பத்தாது" என்றார்கள். நான் போய்ப் பேசினேன். விவரம் பத்தாமல் இல்லை. நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார். முந்தின வருஷம் எதிர் வீட்டில் ஒருவருக்கு வந்தபோது வாசலில் தகரம் அடித்தார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். பால்காரர் நின்றுவிட்டார். நூறு நாள் வேலைக்கு அந்த வீட்டு ஆட்களை ஒரு மாதம் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஆடு மேய்க்கிற பக்கம்கூட யாரும் போகவில்லை. தன் வீட்டில் மாமியார், மூன்று பிள்ளைகள், தான் ஒருத்தி கூலி. பரிசோதனை வேண்டாம் என்று அவர் முடிவு எடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இதே தகரம் ஊர்த் தெருவில் ஒரு மாதிரியும் காலனியில் வேறு மாதிரியும் அடிக்கப்பட்டது என்பதையும் நாம் எல்லோரும் பார்த்தோம்.

இப்படி வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவது சரியா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அதிகாரம் உள்ளவர் தனியாக உத்தரவு போட்டால் தவிர ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பர் 9-ல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு எத்தனை ஊராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்காதீங்க.

அந்தக் கிராமத்துக் குழு அப்புறம் என்ன செய்தது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பிள்ளை மயங்கின அன்றைக்கு மாலையே குழு கூடியது. பன்னிரண்டு பேர். இரண்டு பேர் வரமாட்டேன் என்றார்கள், பயம், அதையும் குறை சொல்ல முடியாது. மீதிப் பத்துப் பேர் சேர்ந்து முடிவு எடுத்தார்கள். பாலும் காய்கறியும் தினம் ஒருத்தர் வாங்கி வாசல் திண்ணையில் வைத்துவிடுவது. குடிதண்ணீர் இரண்டு குடம். அந்த மாதத் தவணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது, அதற்கு அபராதம் கிடையாது. குழுச் சேமிப்பிலிருந்து 2,000 ரூபாய் வட்டி இல்லாத கைமாற்று. கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒரு ஆள் மட்டும் பேசுவது, ஆளுக்கு ஆள் போய் விசாரிக்கக் கூடாது. எல்லாவற்றையும் தீர்மான நோட்டில் எழுதினார்கள். இந்த விஷயம் தெரு முழுக்கத் தெரிந்த இரண்டாம் நாள், பரிசோதனை எடுக்க வந்த வண்டிக்கு அந்தத் தெருவிலிருந்து பதினான்கு பிள்ளைகளை அவர்கள் அம்மாமார்களே கூட்டி வந்தார்கள். முந்தின தடவை அதே தெருவில் வண்டியைப் பார்த்ததும் பிள்ளைகளைக் கொல்லைப்பக்கம் விரட்டியவர்கள்தான்.

நாம் 2020-ல் முகக்கவசம் தைத்துக் கொடுத்தோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம், தப்பில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பத்துப் பேர் எழுதின தீர்மானம் அதைவிடப் பெரிய வேலை.

பள்ளிக்கூடத்திடம் நாம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. பரிசோதனை எப்போது, எதற்கு என்று முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். முடிவைப் பெற்றோருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், வகுப்பில் பெயர் வாசிக்கக் கூடாது. சின்னப் பிள்ளைக்கு எடுக்கும்போது அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க விட வேண்டும். இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது என்றால், 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். இங்கே இருக்கிறவர்களில் ஏழெட்டுப் பேர் அதில் உறுப்பினர் என்று எனக்குத் தெரியும். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீங்க.

(பேசி முடித்த பிறகு உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்:)

"நோய் சரியாகி வந்த பிள்ளையை, நெகட்டிவ் சீட்டு கொண்டு வந்தால்தான் சேர்ப்போம்னு சொன்னாங்களே, அது சரியா?"

பல இடத்தில் அப்படிக் கேட்டார்கள். அது தேவையில்லாத அலைச்சல். அறுவடை முடிந்த வயலில் தாள் கிடக்கிற மாதிரி, நோய் போன பிறகும் செத்த கிருமியின் துண்டுகள் சில வாரம் வரை மூக்கில் இருக்கும். ஆர்.டி.பி.சி.ஆர். அதையும் பெருக்கிக் காட்டிவிடும். அதற்காகப் பிள்ளை இன்னும் பரப்புகிறது என்று அர்த்தம் இல்லை. லேசான நோய்க்காரர்களைப் பத்து நாள் கழித்து, கடைசி மூன்று நாள் ஜுரம் இல்லாமல் இருந்தால், மறு பரிசோதனை இல்லாமலே அனுப்பலாம் என்று மத்திய அரசு 2020 மே மாதமே சொல்லியிருந்தது.

"மருந்துக் கடையில வாங்கி வீட்லயே பார்க்கிற டெஸ்ட் வந்துச்சே, அதை நம்பலாமா?"

2021 மே மாதம் புனேயில் இருக்கிற மைலேப் கம்பெனியின் 'கோவிசெல்ஃப்' அட்டைக்கு முதல் அனுமதி கொடுத்தார்கள். அதுவும் அட்டைப் பரிசோதனைதான். 'இருக்கு' என்று காட்டினால் நம்பலாம். ஜுரம் இருந்து 'இல்லை' என்று காட்டினால் நம்பி உட்காராதீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க.

"டெங்கு வந்தாலும் இந்த மாதிரி வகுப்புக்கே டெஸ்ட் எடுப்பாங்களா மேடம்?"

நல்ல கேள்வி. டெங்கு பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு இருமல் வழியாகப் பரவாது. கொசு கடித்துத்தான் வரும். அதனால் ஜுரம் இருக்கிற பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தால் போதும், மொத்த வகுப்புக்கும் எடுப்பதில் பிரயோஜனம் இல்லை. அந்தக் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும். அதாவது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டு வாங்க. கழிப்பறைக்குப் பின்னால் பழைய டயர், உடைந்த வாளி கிடந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்க.